விளக்கு இருந்தால் போதாது, எரிய வேண்டும்
(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கிக் குமாஸ்தா வேலை. மின்சாரம் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பிளாக்கில் போன கரண்ட் மூன்றாம் நாள்தான் வந்தது. எங்கள் வீட்டில் எமர்ஜென்சி விளக்கு இருந்தது. பீரோ மேல், அட்டைப் பெட்டிக்குள்! எடுத்துப் போட்டால் எரியவில்லை. இரண்டு வருடம் சார்ஜ் செய்யாமல் கிடந்ததில் பேட்டரி வீணாகியிருந்தது.

முதல் ராத்திரியை செல்போன் வெளிச்சத்தில் ஓட்டினோம். இரண்டாம் ராத்திரி போனும் அணைந்துவிட்டது. குளியலறை வாசலில் நிரப்பி வைத்திருந்த பக்கெட்டில் இடறி என் மனைவி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. உதவிக்குக் கூப்பிடப் போனில் சார்ஜ் இல்லை. தெருவில் தண்ணீர் வடிந்து, விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. இன்றும் அந்தக் கையால் அவரால் தோசைக்கல்லைத் தூக்க முடிவதில்லை.

வங்கியில் ஒரு நாள்கூட ரொக்கம் டேலி ஆகாமல் நான் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. வீட்டில் ஒரு விளக்கைச் சரிபார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, உள்ளே பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் பல்பு. சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம். எரியும்போதே சார்ஜ் ஆகும். சுவிட்ச் போட்டிருந்தால் கரண்ட் போனதும் தானே தொடர்ந்து எரியும். தினமும் விளக்குப் போடும் இடத்தில் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் குளியலறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஆனால் இது சில மணி நேரத்துக்குத்தான்.

இரண்டு, பவர் பேங்கும் அதில் செருகும் சிறிய யு.எஸ்.பி. எல்.இ.டி. விளக்கும். கணக்குப் பாருங்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் சுமார் 37 வாட்-மணி இருக்கும். சேதாரம் போக 25 என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் விளக்கு 25 மணி நேரம் எரியும். இரவுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து இரவுகள். சில பவர் பேங்குகள் இவ்வளவு சிறிய விளக்கைச் செருகினால் தானே அணைந்துவிடும்; வாங்கியதும் ஒரு மணி நேரம் எரித்துப் பார்த்துவிடுங்கள். விளக்கை மேல்நோக்கி வையுங்கள். வெள்ளைக் கூரையில் பட்டு அறை முழுவதும் வெளிச்சம் பரவும்.

மூன்று, கட்டில் தலைமாட்டில் ஆணியில் மாட்டிய ஒரு டார்ச். கண் தெரியாத இருட்டிலும் கை போக வேண்டிய இடம் அது. செல்போனைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி வேண்டாம், திரைச்சீலையும் காற்றும் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

இவ்வளவும் வாங்கிவிட்டு பீரோ மேல் வைத்தால் என் கதைதான். அதனால் மாதம் முதல் தேதி மாலை ஏழு மணிக்கு, டி.வி., கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணைக்கிறோம். எது எரிகிறது, எது எரியவில்லை, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பென்ஷன் வரும் நாளை ஒட்டி வருவதால் எனக்கு மறப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பிளாக்குகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். பிள்ளைகள் வெளியூரில். அடுத்த முறை கரண்ட் போனால், உங்கள் விளக்கை ஏற்றியதும் அதை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவை ஒரு முறை தட்டுங்கள். "என்னம்மா, வெளிச்சம் இருக்கா?" என்று கேட்டால் போதும். அன்று எங்கள் கதவை யாராவது தட்டியிருந்தால் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. ஆனால் அதற்கு முந்தைய ராத்திரி நானும் யார் கதவையும் தட்டவில்லை.