பெட்டகம் வீடாகுமா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

துறைமுகங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கண்டெய்னர் எனும் சரக்குப் பெட்டகங்களை விலைக்கு வாங்கி, கதவும் சன்னலும் வைத்து, வாடகை கொடுக்க வழியில்லாத நம் மஹல்லாவின் ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் வீடாகக் கொடுத்தால் என்ன என்று நம் இளைஞர்கள் சிலர் வினவியுள்ளனர். இந்த நிய்யத்திற்கே அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! எனினும், நல்ல எண்ணம் நல்ல செயலாக முடிய வேண்டுமெனில், இதைச் செய்து பார்த்தவர்கள் கண்ட பலன் என்ன, மார்க்கம் இது பற்றி வழிகாட்டுவது என்ன என்ற இரண்டையும் நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி நிறுவன அதிபரின் முயற்சி அது. அதிலிருந்துதான் இன்றைய சரக்குப் பெட்டகப் போக்குவரத்து வளர்ந்தது. பெட்டகங்களில் சிறியது 20 அடி நீளமும் 8 அடி அகலமும் எட்டரை அடி உயரமும் கொண்டது. அதன் உள்ளே கிடைக்கும் இடம் சுமார் 150 சதுர அடி. 40 அடிப் பெட்டகத்தில் சுமார் 300 சதுர அடி கிடைக்கும். கடற்காற்றையும் மழையையும் தாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் நசுங்காத இவ்வுறுதியைக் கண்டே, இதை வீடாக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. பிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர் இதற்கான காப்புரிமையை 1989இல் பெற்றார்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மாணவர்களுக்கு இடமில்லாத நெருக்கடி ஏற்பட்டபோது, 2005, 2006ஆம் ஆண்டுகளில் சுமார் 1000 பெட்டக வீடுகள் அடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சமையலிடமும் குளியலறையும் இருந்தன. ஐந்தாண்டுகளுக்கென அமைத்த அக்குடியிருப்பு, அக்கெடுவைக் கடந்தும் நீடித்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2013இன் இறுதியில், வீடற்றிருந்த தனி நபர்களுக்காக 36 பெட்டக வீடுகள் திறக்கப்பட்டன. தெருவில் படுத்திருந்தவருக்குத் தமக்கென ஒரு கதவும், அதைப் பூட்ட ஒரு சாவியும் கிடைத்தன. இது சிறிய நன்மையன்று.

ஆனால், அதே இங்கிலாந்தில் வேறொரு அனுபவமும் உண்டு. லண்டனின் ஈலிங் உள்ளிட்ட இடங்களில் வீடிழந்த குடும்பங்களைப் பிள்ளைகளோடு பெட்டகங்களில் தங்க வைத்தனர். இக்குடும்பங்களின் நிலை பற்றிக் குழந்தைகளுக்கான ஆணையர் 2019 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டார். கோடையில் தாங்கவொண்ணாத வெப்பம், குளிர்காலத்தில் தாங்கவொண்ணாத குளிர், பிள்ளைகள் தவழவும் விளையாடவும் இடமின்மை ஆகியவை அதில் எடுத்துரைக்கப்பட்டன. பெட்டகம் ஒன்றுதான், தனி மனிதருக்கு நிம்மதியாக இருந்தது, குடும்பத்திற்கு நெருக்கடியாக ஆயிற்று.

குடும்பங்களுக்கு இது அறவே ஆகாது என்றும் நாம் கூறுவதற்கில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைச் சுனாமி தாக்கியபின், ஓனகவா என்ற ஊரில் வீடு கட்டச் சமதளம் கிடைக்கவில்லை. ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர், ஒரு பேஸ்பால் மைதானத்தில் 20 அடிப் பெட்டகங்களை மூன்று அடுக்கு வரை உயர்த்தி, ஏறத்தாழ 190 வீடுகளை அமைத்தார். சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல், ஒரு பெட்டகம் விட்டு அடுத்து ஒரு வெற்றிடம் என அடுக்கியதால், அவ்வெற்றிடங்கள் வெளிச்சம் நிறைந்த கூடங்களாயின. பொருட்களை வைக்க அலமாரிகளும் அமைத்துக் கொடுத்தனர். பெட்டகத்தின் அளவுக்கு மனிதரைச் சுருக்காமல், மனிதரின் தேவைக்குப் பெட்டகத்தை விரித்ததே அங்கு நடந்த நன்மையாகும்.

அன்பிற்குரிய சகோதரர்களே! 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் நிகழ்ந்த பூகம்பத்தில், துருக்கியில் மட்டும் 50,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். 2022 உலகக் கால்பந்துப் போட்டியின் விருந்தினருக்கென அமைத்த தங்கறைகள் உட்பட 10,000 நகரும் வீடுகளை அனுப்புவதாகக் கத்தார் அறிவித்தது. பெட்டக நகரங்கள் பல எழுந்தன. அங்கு பெட்டகம் என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் சரக்கேற்றிய பழைய இரும்புப் பெட்டிகள் அல்ல, குடியிருப்புக்கென்றே செய்யப்பட்டவை. இருந்தும், மறுமாதமே அத்யமான் மாகாணத்தின் தூத் என்ற ஊரில், பூகம்பத்தில் தப்பியவர்கள் தங்கியிருந்த பெட்டக வீடொன்றை வெள்ளம் அடித்துச் சென்றது. வீட்டைப் போலவே, அது நிற்கும் நிலமும் முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

இனி, பெட்டகத்தின் இயல்பையும் அறிந்துகொள்வோம். அதன் சுவர் மெல்லிய இரும்புத் தகடு. வெயில் பட்டவுடன் சூடேறும். காற்றின் ஈரம் அதன் குளிர்ந்த பரப்பில் நீராய்ப் படிந்து துருவையும் பூஞ்சையையும் உண்டாக்கும். வெப்பத்தடுப்புப் பலகை பதிப்பது இன்றியமையாதது. அதைப் பதித்தால் ஏற்கனவே குறுகிய அகலம் மேலும் குறையும். பெட்டகத்தின் மேல் வரும் பாரத்தை நான்கு மூலைத் தூண்களே தாங்குகின்றன. பக்கத் தகட்டைச் சன்னலுக்காக வெட்டினால் உறுதி குறையும். வெட்டிய இடத்தில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். தரைப் பலகை பெரும்பாலும் பூச்சிக்கொல்லி ஏற்றப்பட்டது. முன்பு ஏற்றிய சரக்கு யாதென்பதும் பழைய பெட்டகத்தில் தெரியாது. எனவே பலகையை மாற்றுவதே பாதுகாப்பு. அடித்தளம், கிரேன் வாடகை, மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய செலவுகளும் சேரும். பெட்டகத்தின் விலையை மட்டும் கேட்டு, வீடு மலிவாகக் கிடைத்துவிட்டதென்று மகிழ்வது, கதவின் விலையைக் கேட்டு வீட்டை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

மார்க்கத்தின் பார்வை என்ன? திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனம், மன அமைதிக்குரிய இல்லத்தையும், பயணத்தில் சுமந்து செல்ல இலகுவான தோல் கூடாரங்களையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாகச் சேர்த்தே எடுத்துரைக்கிறது. ஆகவே, பெயர்த்துச் செல்லும் உறைவிடம் இழிவானதன்று. இடம் சிறியதாயிருப்பதும் இழிவன்று. நபிகளாரின் துணைவியர் வாழ்ந்த அறைகள் மண்கல்லாலும் பேரீச்ச மட்டைகளாலும் ஆன சிறு அறைகளே. ஆனால், அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம், நமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு மட்டுமே ஏற்கக்கூடிய மட்டமான பொருளைத் தேடியெடுத்துத் தர்மம் செய்வதைத் தடுக்கிறது. இந்த அளவுகோலை இவ்விஷயத்திலும் வைத்துப் பார்ப்பது நம் கடமை. சித்திரை வெயிலின் நண்பகலில் நாமும் நம் மனைவி மக்களும் தங்க இயலாத பெட்டியை, ஏழை என்ற காரணத்தால் ஒரு விதவையின் தலையில் கட்டுவது ஸதகாவாகாது.

ஜகாத் பற்றியும் ஒரு தெளிவு தேவை. ஜகாத் பொருளை உரிய ஏழையின் உடைமையாக்கிவிட வேண்டும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். பெட்டக வீட்டை ஜமாஅத்தின் உடைமையாகவே வைத்துக்கொண்டு தங்குவதற்கு மட்டும் கொடுப்பதாயின், அதற்கு ஜகாத் நிதியைத் தொடக் கூடாது. பொதுவான ஸதகா நிதியிலிருந்தே செலவிட வேண்டும்.

ஆகவே, நிர்வாகக் குழு இதை ஆராயும்போது மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை காணட்டும். யாருக்காக? தனி ஆளுக்கு ஒரு பெட்டகம் போதும். குடும்பத்திற்கு இரண்டையேனும் இணைத்து, காற்றும் பெண்களுக்கான மறைவும் கிடைக்கும்படி அமைக்க வேண்டும். எவ்வளவு காலத்திற்கு? இடைக்கால ஏற்பாடெனில், நிலையான வீட்டுக்கு மாறும் நாளை எழுத்தில் குறிக்க வேண்டும். எந்த நிலத்தில்? வெள்ளம் தேங்காத, பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் நடந்து செல்லக்கூடிய, உரிய அனுமதி பெற்ற இடமாக இருக்க வேண்டும். இவற்றுக்கு விடை கிடைத்தபின், ஒரே ஒரு பெட்டகத்தைச் செப்பனிட்டு, கோடை மாதமொன்றில் நம் நிர்வாகிகளில் சிலர் அதில் தங்கிப் பார்க்கட்டும். அவர்கள் மனமுவந்து ஏற்றால் பிறருக்கும் கொடுப்போம். ஏற்காவிடில், அதே பணத்தில் மஹல்லாவின் ஒழுகும் கூரைகளைச் சீரமைப்போம். ஏழையின் தலைக்கு மேல் நிழல் சேர வேண்டும். அது ஓடாயினும் தகடாயினும் அவருடைய கண்ணியம் காக்கப்பட வேண்டும்.

வீடற்றோருக்கு அமைதி தரும் இல்லங்களையும், அவர்களுக்கு உதவும் நல்லுள்ளத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.