பள்ளிக்குப் போன பிள்ளையும் வீட்டிலுள்ள பெற்றோரும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பள்ளிக்கூடத்தால் வந்த ஆறு வயதுப் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றுமில்லை" என்பதே விடையாக வரும். காலை ஏழரை மணி தொடக்கம் அந்தப் பிள்ளை ஒரு முழு உலகத்தில் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறது. அழுதிருக்கும், சிரித்திருக்கும், ஒருவனோடு கோபித்திருக்கும், ஒருவேளை பயந்துமிருக்கும். அத்தனையும் "ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் பள்ளி வாழ்வையும் அவர்களுடைய நலனையும் பெற்றோர் எவ்வழியால் அறிகிறார்கள், எவ்வழியால் அறியவேண்டும் என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள்.

நமது நாட்டிலே பிள்ளை பிறந்தவுடன் தாயின் கையில் ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். "கிளினிக் புத்தகம்" என்று நாம் வழங்குகிறோம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சியைப் பதியும் ஏடு அது. நிறை எவ்வளவு, எந்தத் தடுப்பூசி எப்போது, பிள்ளை எப்போது எழுந்து நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். குடும்பநல மாது வீடு தேடி வருவார். வரைபடத்திலே பிள்ளையின் நிறைக் கோடு சற்றே சாய்ந்துவிட்டால், தாய்க்கு அன்றிரவு நித்திரை வராது. இப்படி ஐந்து வருடம் கண்ணுங் கருத்துமாகப் பார்த்த பிள்ளையை முதலாந் தரத்திலே சேர்த்ததும், அந்தப் புத்தகம் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. அதன்பின் பெற்றோர் கையில் கிடைப்பது தவணை முடிவிலே ஒரு முன்னேற்ற அறிக்கை. கணிதம் இத்தனை, தமிழ் இத்தனை, அவ்வளவுதான்.

அரசாங்கம் பிள்ளையைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1, 4, 7, 10 ஆகிய தரங்களிலே பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. உயரம், நிறை, பல், கண் எல்லாம் பார்க்கிறார்கள். குறை கண்டால், இன்ன கிளினிக்குக்குக் கொண்டுபோகவும் என்று ஒரு துண்டு எழுதிப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புகிறார்கள். அந்தத் துண்டின் பிரயாணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலிலே கொப்பிக்குள் இருக்கும். பிறகு பையின் அடிக்கு இறங்கும். அங்கே தண்ணீர்ப் போத்தல் ஒழுகி நனையும். கடைசியிலே கடதாசிக் கப்பலாகிவிடும். கரும்பலகையிலே எழுதியது தெரியாத பிள்ளையை ஒரு வருடமாக "மொக்கு" என்று ஏசிக்கொண்டிருப்போம். வேண்டியது ஒரு மூக்குக் கண்ணாடி மாத்திரமே.

இங்கே கொட்டாஞ்சேனையிலே தாயும் தகப்பனும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகும் வீடுகள் பல உண்டு. புறக்கோட்டைக் கடைகளிலும், செட்டியார் தெருவிலும், துறைமுகத்திலும் வேலை செய்பவர் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலுக்கு வருவது எப்படி? வெள்ளவத்தையிலே வேறுவிதம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளிலே தொடர்மாடி வீடுகள். தகப்பன் கத்தாரிலோ லண்டனிலோ இருப்பார். பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. இரண்டு இடத்திலும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பவர் ஒருவரே: பாடசாலை வான்காரர். எந்தப் பிள்ளை அழுதுகொண்டு ஏறியது, எதற்குப் புதிதாக ஒரு காயம், எது நாலு நாளாக ஒருவரோடும் பேசவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாதக் காசு கொடுக்கும்போது மாத்திரம் அவரோடு பேசுகிறோம். வேறு ஒன்றும் கேட்பதில்லை. கல்வியைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் எங்கள் சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் ஒருநாள் அவர்கள் பக்கத்திலே அமர்ந்து பிரயாணஞ் செய்தால் நன்று.

மொழியின் தொல்லையும் உண்டு. இன்று நம்மவர் பலர் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அவை கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. அங்கிருந்து வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே பேரனே வாசித்துப் பொருள் சொல்லுகிறான்! குற்றஞ் சாட்டப்பட்டவனே குற்றப்பத்திரத்தை மொழிபெயர்க்கும் நீதிமன்றம் உலகில் வேறெங்கும் இருக்குமோ நான் அறியேன்.

இனி, கைத்தொலைபேசி. 2020 மார்ச்சிலே கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியைகள் வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் பாடம் அனுப்பத் தொடங்கினார்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடியபோதும் அதுவே கைகொடுத்தது. பள்ளிகள் திறந்த பின்னும் அக்குழுக்கள் கலையவில்லை. அவற்றில் ஓடுவது என்ன? தாமரைப் பூவோடு காலை வணக்கம். இரவு ஒன்பதரை மணிக்கு, "நாளைக்கு ரோஸ் நிறக் கடதாசி கொண்டுவரவும்" என்ற கட்டளை. அதன் மேல் நாற்பது பேரின் "நன்றி ரீச்சர்". இடையிலே ஒரு பிள்ளையின் குறையை எல்லாப் பெற்றோருக்கும் நடுவிலே போட்டு உடைப்பதும் நடக்கிறது. இது பெருந்தவறு. ஒரு பிள்ளையைப் பற்றியது அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மாத்திரமே உரியது. எல்லோருக்கும் உரிய செய்தி வேறு. 2017ஆம் ஆண்டில் இலங்கையிலே 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயினால் பீடிக்கப்பட்டார்கள். அந்த நுளம்பு பகலிலே, அதாவது பிள்ளை வகுப்பில் இருக்கும் நேரத்திலே, கடிப்பது. ஒரு வகுப்பிலே இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால், பெயர் குறிப்பிடாமல் அதை அன்று மாலையே குழுவிலே சொல்லவேண்டும். தாமரைப் பூ மறுநாளும் மலரும்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இங்கே விரித்துப் பேசமாட்டேன். அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். ஒன்று மாத்திரம் சொல்லுகிறேன். 200 புள்ளிகளில் தம் பிள்ளை எடுத்தது எத்தனை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தது எத்தனை, இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை என்று மனப்பாடமாகச் சொல்லும் பெற்றோருக்கு, மகள் காலையில் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருவது ஏன் என்று தெரிவதில்லை. மலசலகூடம் அசுத்தமாயிருப்பதால் அங்கே போகப் பயந்து, தண்ணீரே குடியாமல் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு இருக்கும் சிறுமியர் உளர். வயிற்றுவலி என்று அவள் சொல்லும்போது, பள்ளிக்குக் கள்ளம் என்கிறோம்.

நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாட்குறிப்பு உண்டு. வகுப்பாசிரியை இரண்டு வரி எழுதுவார். வீட்டிலே பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். மிஷனரிமார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் போய்ப் பெண்களோடு பேசிப் பழகியது மதம் மாற்றும் நோக்கத்தோடுதான் என்பது உண்மை. நம் முன்னோர் சந்தேகித்தது நியாயமே. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுப் புத்தகத்தையும் வகுப்பு முறையையும் அவர் அஞ்சாமல் எடுத்து நமதாக்கிக் கொண்டார். ஆனால் வீட்டுக்குச் சென்று பெற்றோரைக் காணும் பழக்கத்தைப் பின்வந்த நாம் எடுத்துக்கொள்ளவில்லை. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் 1960 டிசம்பரில் பொறுப்பேற்றபோது, ஊருக்குத் தெரிந்த முகாமையாளரும் போய்விட்டார். இன்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. அங்கே பேசப்படுவது பெரும்பாலும் மின்விசிறியும், மதிலும், மைப்பூச்சுக் கணக்குமே.

இதையெல்லாம் ஓர் ஆசிரியையிடம் சொன்னபோது, அவர் சொன்ன மறுமொழி என்னை வாயடைக்கச் செய்தது. "தம்பி, சொல்லத்தான் விருப்பம். சொன்னால் அன்றிரவு தகப்பன் பெல்ட்டைக் கழற்றுவார். அதுதான் சொல்லுகிறதில்லை" என்றார். பெரியோர்களே, இதுதான் விஷயத்தின் வேர். "ரீச்சர், கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் உரியுங்கோ" என்று வகுப்பிலே ஒப்படைத்துவிட்டு வந்த காலம் நம்மிடையே முற்றாகப் போகவில்லை. பள்ளியிலே அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றுநிருபம் அனுப்பியது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்ட வழக்கிலே, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்த்து, நட்டஈடும் கொடுக்கச் செய்தது. ஆனால் சுற்றுநிருபம் வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வராது. பள்ளியிலே நடந்ததை வீட்டிலே சொன்னால் அடி. வீட்டிலே நடந்ததைப் பள்ளியிலே சொன்னாலும் அடி. "ஒன்றுமில்லை" என்ற விடையை அந்தப் பிள்ளை இங்கேதான் கற்றுக்கொள்ளுகிறது.

ஆகவே ஆசிரியைமாரை வேண்டிக்கொள்வது: தீர்ப்பை அனுப்பாதீர்கள், கண்டதை அனுப்புங்கள். "உங்கள் மகன் சோம்பேறி" என்பது தீர்ப்பு. "இந்தக் கிழமை மூன்று நாள் சாப்பாட்டைத் தொடாமல் கொண்டுபோகிறான்" என்பது செய்தி. முதலாவதைக் கேட்ட தகப்பன் கையை ஓங்குவான்; இரண்டாவதைக் கேட்டவன் யோசிப்பான். பெற்றோரை வேண்டிக்கொள்வதும் உண்டு. செய்தி ஒரு வழிப் பாதையன்று. தகப்பன் வெளிநாடு போய்விட்டார், வீட்டில் ஒரு மரணம், தாய் ஆஸ்பத்திரியில் என்றால், அதை ஒரு வரியில் ஆசிரியைக்கு எழுதுங்கள். மானம் போய்விடாது. வகுப்பிலே யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஏன் அப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியவேண்டாமா? இதைவிடப் பாரதூரமான துன்பம் என்று கண்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

நம் சங்கத்து வாலிபருக்கும் இதில் வேலையுண்டு. வருகிற சனிக்கிழமை தொடக்கம், மாலை நான்கு மணிக்கு, நமது வாசிகசாலையிலே இருவர் இருப்போம், ஒருவராவது பெண்ணாயிருப்பார். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுவோம், பதில் எழுதித் தருவோம், கிளினிக் துண்டு வந்திருந்தால் எங்கே, எந்த நாள் என்று விசாரித்துச் சொல்லுவோம். கடிதத்தில் உள்ளது எங்களோடு நிற்கும். காசு வேண்டாம். பிள்ளையின் பையை அப்படியே கொண்டுவாருங்கள். அடியிலே கசங்கிக் கிடக்கும் கடதாசிகளையும் எறிந்துவிடாமல்.