படிப்பு முடிந்தது, ரயில் ஏறலாமா?



கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று நம் கரிசல் பக்கத்துப் பிள்ளைகளும் இன்று மேல்படிப்புக்கு ஐரோப்பா போகிறார்கள். நகையை அடகு வைத்தும் கல்விக்கடன் வாங்கியும் அனுப்பிய வீடுகள் உண்டு. படிப்பு முடிந்த பிள்ளை போனில், "அம்மா, வேலையில சேருறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் தனியா ரயில்ல சுத்திப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "மொதல்ல கடனை அடைக்கிற வழியப் பாரு." மழையை நம்பி மானாவாரி விவசாயத்தில் பிழைக்கிற வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும், கையில் நாலு காசு சேர்ந்திருந்தால் போய்வரட்டும் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஏ.கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். படித்து முடித்தவர் நேரே ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. ஐரோப்பாவையும் பார்க்கப் புறப்பட்டார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோதுதான், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பிறகு நாடு நாடாக அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940-ல் அந்தப் படம் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று புத்தகமும் எழுதினார். படிப்பு அவருக்குத் தொழிலைக் கொடுத்தது. அந்தத் தொழிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பயணம் காட்டிக்கொடுத்தது.

எல்லோரும் செட்டியார் ஆகிவிட முடியாதுதான். ஆனால் செலவுக் கணக்கு எல்லோருக்கும் பொது. பின்னாளில் இங்கிருந்து கிளம்பினால் விமான டிக்கெட், விசாக் கட்டணம், வங்கி இருப்புக்கான சான்று என்று செலவும் அலைச்சலும் வரிசையாக வரும். அங்கே படிக்கும் பிள்ளைக்கு இவை பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியிலோ பிரான்சிலோ செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டை இருந்தால், பாஸ்போர்ட்டோடு அதை வைத்துக்கொண்டு ஷெங்கன் என்ற பொது எல்லை ஏற்பாட்டில் உள்ள மற்ற நாடுகளுக்குள் போகலாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இதற்கு அனுமதி உண்டு. ஷெங்கன் வட்டத்தில் இப்போது 29 நாடுகள். பிரிட்டனில் படிப்பவரோ தனியாக ஷெங்கன் விசா வாங்க வேண்டும்.

டிக்கெட்டுக்கு 'இன்டர்ரெயில்' என்று ஒரு பாஸ் இருக்கிறது. 1972-ல் இளைஞர்களுக்காகத் தொடங்கியது. ஐரோப்பாவில் குடியிருப்பு உரிமை உள்ளவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் வாங்கலாம். 27 வயது வரை சலுகைக் கட்டணம். ஒரு மாதத்துக்குள் ஏதாவது 7 நாள் என்பதுபோல் நமக்கு வேண்டிய அளவில் எடுக்கலாம். குடியிருக்கும் நாட்டுக்குள் மட்டும், வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் என்று கட்டுப்பாடு உண்டு.

பாஸ் இருக்கிறதே என்று எந்த வண்டியிலும் ஏறிவிடக் கூடாது. பிரான்சின் அதிவேக ரயில்களுக்கும், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்களுக்கும், இரவு வண்டிகளுக்கும் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் வண்டிகளில் முன்பதிவு இல்லாமலே ஏறலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இந்த மூன்று நாடுகளைச் சுற்றியே வழியைப் போட்டுக்கொள்ளலாம். வியன்னாவில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா வந்துவிடும்.

ஏறுவதற்கு முன் அந்த வண்டியைச் செல்போன் செயலியில் பாஸோடு சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல் டி.டி.ஆரிடம் மாட்டினால் அபராதம். இன்னொன்று, நம் மணியாச்சியில் குருவாயூர் எக்ஸ்பிரஸிலிருந்து தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அங்கேயும் சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று பிளாட்பாரப் பலகையில் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

பெண் பிள்ளை தனியாகப் போகலாமா? போகலாம். புது ஊரில் பொழுதோடு போய் இறங்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஜூன் மாதத்தில் ஜெர்மனியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். பெரிய ஸ்டேஷன்களில் பிக்பாக்கெட் உண்டு. பாஸ்போர்ட்டும் அட்டையும் பையில் அல்ல, உடம்போடு இருக்கட்டும். அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. நம் நாட்டிலும் அதே எண்தான், மறக்காது. வழியில் பசிக்கு நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருந்தால் ஒரு வேளைச் செலவு மிச்சம்.

ஒரே ஒரு நிபந்தனை. கடன் பணத்தில் இந்தப் பயணம் வேண்டாம். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில், குடியிருப்பு அட்டையின் காலம் முடிவதற்குள், கைக்காசுக்கேற்ற அளவில் போகட்டும். பத்து நாள்தான் கட்டுப்படியாகும் என்றால் பத்து நாளே போதும்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். எந்த ஊர், எந்த வண்டி, எவ்வளவு செலவு என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் போகவிடுங்கள்.