எனக்குப் பிடித்த அரக்கர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"ஏதாவது லேசான விஷயமாப் பேசுங்க சார், சாப்பாட்டுக்கு முன்னாடி பத்தே நிமிஷம்தான்" என்றார் செயலாளர். அதனால் பழைய பேய்ப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். இவை கறுப்பு வெள்ளைப் பேய்கள், கடிக்காது!

1983-இல் நம் கல்லூரித் திரைப்படக் கழகம் 'ட்ராகுலா', 'ஃப்ராங்கன்ஸ்டைன்' இரண்டையும் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் 16 எம்.எம். புரொஜெக்டரில் போட்டுக் காட்டியது. இரண்டுமே 1931-இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த படங்கள். அன்று முதல் விடுதியில் தினமும் பட்டிமன்றம்தான். அரக்கர்களில் சிறந்த அரக்கன் யார்?

நான் ட்ராகுலா கட்சி. நடித்தவர் ஹங்கேரிக்காரர் பெலா லுகோசி. 1927-இலேயே நியூயார்க் மேடையில் அதே வேடம் போட்டவர். அந்தப் படத்தில் ட்ராகுலாவின் கோரைப்பல்லைக் காட்டவே மாட்டார்கள். பார்வையும் இழுத்து இழுத்துப் பேசும் பேச்சுமே போதும். நல்ல உடை உடுத்தி, மரியாதையாக வீட்டுக்குள் வந்து ரத்தம் குடிக்கிறவன். தான் செய்வது இன்னதென்று நன்றாகத் தெரிந்தவன்.

எதிர்க்கட்சி கிங்காங். 1933-இல் வில்லிஸ் ஓ'பிரையன் என்ற கலைஞர் சுமார் ஒன்றரை அடிப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்து உயிர் கொடுத்த குரங்கு. "தீவுல சும்மா கிடந்தவனைச் சங்கிலி போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது யார் தப்பு?" என்பார்கள். நியாயமான கேள்வி.

1941-இல் வந்த 'ஓநாய் மனிதன்' இன்னும் பாவம். ராத்திரி ஓநாயாகித் திரிவான்; விடிந்ததும் தான் செய்ததை எண்ணித் தவிப்பான். கடைசியில் மகன் என்று தெரியாமல் வெள்ளிப்பூண் போட்ட தடியால் அவனை அடித்துக் கொல்பவர் பெற்ற தகப்பனே. 1954-இல் ஜப்பானில் வந்த காட்ஜில்லாவைக் கிளப்பிவிட்டதோ மனிதன் நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனை.

இனி ஃப்ராங்கன்ஸ்டைன். ஒரு திருத்தம் சொல்லணும். அது அரக்கனின் பெயரே அல்ல. அவனை உருவாக்கிய விஞ்ஞானியின் பெயர். போரிஸ் கார்லாஃப் நடித்த அந்த அரக்கனுக்குப் பெயரே கிடையாது. உயிர் கொடுத்தவன், பெயர் கொடுக்காமல் கைகழுவி விட்டான்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழன் இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற நெற்றி, நடக்கும்போது ஒரு கால் லேசாக இழுக்கும். கிராமத்திலிருந்து வந்தவன், அதிகம் பேசமாட்டான். படம் பார்த்த ராத்திரியே அவனுக்கு 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவன் நான்தான். திங்கட்கிழமைக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. அவன் மெஸ்ஸுக்குள் வந்தால் நாங்கள் கைகால் விறைத்து நடந்து காட்டுவோம். அவனும் சிரிப்பான். அடுத்த விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. நானும்தான்.

அந்தப் படத்தில் ஓர் ஏரிக்கரைக் காட்சி உண்டு. ஒரு சிறுமி பயமில்லாமல் அரக்கனுக்குப் பூக்கள் கொடுக்கிறாள். இருவரும் அவற்றைத் தண்ணீரில் மிதக்க விட்டு விளையாடுகிறார்கள். நாங்கள் பார்த்த பிரதியில், அவன் அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முடிந்துவிடும். பிறகு அவள் உடலைத் தகப்பன் ஊருக்குள் தூக்கி வருவான். "படுபாவி, குழந்தையை என்ன செஞ்சானோ!" என்று கொதித்தோம்.

நடுவில் இருந்த பகுதி தணிக்கையில் வெட்டப்பட்டு, 1980-களில்தான் மறுபடி சேர்க்கப்பட்டது. பல வருடம் கழித்து டிவிடியில் முழுக் காட்சியையும் பார்த்தேன். பூக்கள் தீர்ந்துபோகின்றன. இவளும் பூ மாதிரி மிதப்பாள் என்று நினைத்துத்தான் அவளைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறான். மூழ்கியதும் பதறிப்போய் ஓடுகிறான். கொடுமை என்று வெட்டிய வெட்டு, அவனை இன்னும் பெரிய கொடியவனாக்கியிருக்கிறது!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தோழன் விஷயத்திலும் நான் பார்த்தது வெட்டுப்பட்ட பிரதிதானே? அவன் மெஸ்ஸில் சிரித்ததைப் பார்த்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கியவனின் பெயர் என்றேன் அல்லவா? அப்படியானால் எங்கள் வகுப்பில் அந்தப் பெயருக்கு உரியவன் நான்தான்.

தம்பி தங்கைகளே! 1935-இல் வந்த இரண்டாம் படத்தில் காட்டுக்குள் தனியாக வாழும் ஒரு பார்வையற்ற முதியவர் அந்த அரக்கனைச் சேர்த்துக்கொள்கிறார். சோறு போட்டுப் பேசவும் கற்றுத் தருகிறார். உங்கள் விடுதியிலும் அப்படி ஒருவன் ஒதுங்கி உட்கார்ந்திருப்பான். போய்ப் பேசுங்கள்.

பட்டிமன்றத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். என் ஓட்டு பெயரில்லாத அந்த அரக்கனுக்கே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மலரின் முகவரிப் பட்டியலில் எங்கள் வகுப்பில் ஒரு பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நேரில் போய், அவனுடைய அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடணும்.