எங்கள் பாட்டி: ஒரு படைவீரரின் மனைவி

(நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்தில் பேரப்பிள்ளைகள் அளித்த உரை)



கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் பாட்டியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களை அழைத்தீர்கள். நன்றி.

பாட்டி அவர்கள் மேடையேறிப் பேசியவர்கள் அல்ல. மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்த எங்கள் தாத்தாவின் மனைவி. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் அநேகம். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு 18 வயதில் மருமகளாய் வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் தாத்தாவின் லீவு முடிந்தது.

அப்போது பாட்டிக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் தபால்காரரே படித்துச் சொல்லுவார். கணவர் எழுதியதை ஊரார் வாயால் கேட்பது பாட்டிக்குப் பிடிக்கவில்லை. சபையிலிருந்த பைபிள் உமன் அம்மாவிடம் போய், ஒரே வருஷத்தில் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார்கள். பிறகு தெருவிலுள்ள மற்ற பட்டாளத்து மனைவிமாருக்கும் அவர்களே கடிதம் எழுதினார்கள். ஒரு வீட்டுச் செய்தியை மறு வீட்டில் சொன்னதில்லை.

படைவீரருக்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இராது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு. முடிவில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்றிருக்கும். 99 என்றால் கிழக்கு எல்லைப் பக்கம் என்று பாட்டி அறிந்துவைத்திருந்தார்கள். அதற்குமேல் அறிய வழியில்லை. பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்த சில வருஷங்கள் தவிர, வெலிங்டனிலும் வடக்கேயும், தாத்தாவோடு குடும்பம் நடத்தியது கொஞ்சம்தான்.

1962 அக்டோபர் 20-ந் தேதி சீனப் போர் மூண்டது. தாத்தாவின் விலாசம் அப்போது 99. ஆறு வாரம் கடிதம் இல்லை. பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தீவனம் வைத்து, பிள்ளைகளைக் கூட்டி ஜெபம்பண்ணி, மறுநாள் கழனிக்குப் போவார்கள். "அழுதால் பிள்ளைகள் பயப்படும்" என்பதே அவர்கள் சொன்ன ஒரே காரணம். கடைசியில் கடிதம் வந்தது. தாத்தா பிழைத்திருந்தார்.

எல்லா வீட்டுக்கும் அப்படி வரவில்லை. 1971 டிசம்பரில், 3-ந் தேதி தொடங்கி 16-ந் தேதி முடிந்த போரில், அடுத்த தெரு வாலிபர் ஒருவர் மாண்டார். தந்தியைப் படிக்கப் பாட்டியைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் நிறைமாத கர்ப்பிணி. பாட்டி தந்தியைப் பார்த்தார்கள், மடித்து வைத்தார்கள், அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அன்று இரவே வலி கண்டது. மாட்டுவண்டி கட்டி, இந்த மிஷன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதோடு பாட்டி விட்டுவிடவில்லை. வேலூரிலிருந்த படைவீரர் வாரிய அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணோடு பல தடவை நடந்தார்கள். குடும்பப் பென்ஷனுக்கான விண்ணப்பங்களைத் தாமே எழுதினார்கள். பென்ஷன் வரும்வரை தாத்தாவின் மணியார்டரில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போயிற்று. தாத்தா ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை.

தாத்தா காலமான பின் பாட்டிக்கும் குடும்பப் பென்ஷன் வந்தது. நவம்பர்தோறும், உயிரோடிருக்கிறோம் என்று சான்று தரவேண்டும். 2014 முதல் கைரேகை வைத்தே இதைச் செய்ய வசதி வந்தது. கழனி வேலையில் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை. பாட்டி சிரித்துக்கொண்டே வங்கிக்கு நேரில் போனார்கள். போகும்போது தெருவிலுள்ள மற்ற விதவைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வார்கள். அந்தப் பென்ஷனில் மாதந்தோறும் ஒரு தொகை, இங்கே பிரசவத்துக்கு வரும் ஏழைத் தாய்மாருக்கென்று ஒரு டப்பாவில் போட்டுவைப்பார்கள்.

அடக்க ஆராதனையன்று பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கியவர்களில், அன்றிரவு இங்கே பிறந்த அந்தப் பிள்ளையும் ஒருவர். இன்று அவருக்கே பேரப்பிள்ளைகள் உண்டு.

பிரியமானவர்களே, எல்லையில் நிற்பவரை நாடு அறியும். அவருக்காக வீட்டில் காத்திருப்பவளை அறிவது அயலகத்தார் மட்டுமே. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள். பாட்டி வைத்துப்போன டப்பாவை நாங்களும் தொடர்ந்து நிரப்புவோம்.

கர்த்தர்தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.