ஐந்தாம் படிவத்திற்குப் பின்: உயர்கல்வி வாயிலில் நிற்கும் மாணவர்க்கு

(திருக்கோயில் ஆண்டுத் திருவிழாவையொட்டி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஷா ஆலம் இன்று சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகர். 1974ஆம் ஆண்டு கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அதன்பின் சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1978ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் ஷா ஆலம் அத்தகுதியை எய்தியது. அதற்கு முன்னர் இந்நிலம் பால்மரமும் செம்பனையும் நிறைந்த தோட்டக்காடாக இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, கையில் உளியும் வாளியுமாய்ச் சென்ற மக்களின் உழைப்பு இம்மண்ணில் ஊறிக் கிடக்கிறது. மிட்லண்ட்ஸ், ஈபோர் என்னும் தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் நிலைத்திருக்கின்றன. அத்தோட்டங்களில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஐந்தாம் படிவத்தில் பயில்கின்றனர். அவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படக்கூடிய சில செய்திகளைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த நாளுக்கும், கல்லூரியில் முதல் வகுப்பில் அமரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் கழிகின்றன. ஒரு மாணவரின் எதிர்காலம் தேர்வு மண்டபத்தில் மட்டும் முடிவாவதில்லை. இந்த இடைக்காலத்திலும் முடிவாகிறது. தேர்வில் தவறியவர் வழி தெரியாமல் நிற்பது ஒருபுறமிருக்க, நன்கு தேறியவரும் இம்மாதங்களில் கல்வியை விட்டு நழுவிவிடுவது சமுதாயத்திற்குப் பேரிழப்பன்றோ?

இது எவ்வாறு நேர்கிறது? தேர்வு முடிந்ததும் இளைஞர் ஒருவர் தொழிற்பேட்டையிலோ, பேரங்காடியிலோ தற்காலிக வேலைக்குச் செல்கிறார். இதில் குற்றமில்லை. 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மிகைநேர வேலையும் சேர்ந்தால் வீட்டிற்கு வரும் தொகை சிறிதன்று. குடும்பம் அவ்வருவாயை நம்பத் தொடங்குகிறது. அடுத்து, வேலைக்குச் சென்றுவர மோட்டார் சைக்கிள் ஒன்று தவணை முறையில் வாங்கப்படுகிறது. தவணைக்காலமோ சில ஆண்டுகள்! கல்லூரியிலிருந்து அழைப்புக் கடிதம் வரும்போது, "தவணையை யார் கட்டுவது?" என்னும் கேள்வி எழுகிறது. "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்பது விடையாகிறது. அந்த அடுத்த ஆண்டு பலருக்கு வருவதேயில்லை.

ஆகவே முதல் அறிவுரை இதுவே: தேர்வுக்குப்பின் வேலைக்குச் செல்லும் மாணவர், அவ்வேலை முடியும் நாளையும் அன்றே குறித்துக்கொள்ளல் வேண்டும். அக்காலத்தில் எந்தத் தவணைக்கும் கையொப்பமிடலாகாது. ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பதிவுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, விடுதிப் பொருள்கள் ஆகியவற்றுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் தற்காலிக வேலை கல்விக்குத் தடையாகாது, துணையாகும்.

இரண்டாவதாக, வாயில்கள் எவையென அறிதல் வேண்டும். ஷா ஆலத்தில் மிகப் பெரிதாகக் கண்ணில் படுவது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அது பூமிபுத்திரர்க்கென அமைந்த கல்விக்கூடம். நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் இந்தியப் பிள்ளைகள், தமக்குத் திறந்துள்ள ஏனைய வாயில்களைத் தேடி அறிந்துகொள்வது இன்றியமையாதது.

அவற்றுள் ஆறாம் படிவம் குறைந்த செலவில் பட்டக்கல்விக்கு இட்டுச்செல்லும் வழி. ஆயினும் பெற்றோர் பலர் எஸ்.டி.பி.எம். என்றாலே அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தொண்ணூறாம் ஆண்டுகளின் நினைவிலிருந்து வருவது. அக்காலத்தில் இரண்டாண்டுப் படிப்பு முழுவதும் இறுதியில் நடந்த ஒரே தேர்வைச் சார்ந்திருந்தது. 2012ஆம் ஆண்டு முதல் அம்முறை மாற்றப்பட்டு, மூன்று பருவங்களாகத் தேர்வு நடைபெறுகிறது. ஒரு பருவத்தில் சறுக்கியவர் அத்தாளை மீண்டும் எழுதவும் வாய்ப்புண்டு. தமிழ்மொழியும் அங்கே ஒரு பாடம் என்பதை மாணவர் மறத்தலாகாது.

மெட்ரிகுலேஷன் மற்றொரு வழி. ஓராண்டுப் படிப்பு, சிலாங்கூரில் பந்திங்கில் அதற்கெனக் கல்லூரி உண்டு. அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்திரர்க்கும் 10 விழுக்காடு ஏனையோர்க்கும் என்பது நெடுநாளைய நடைமுறை. 10 ஏ-வும் அதற்கு மேலும் பெறும் மாணவர்க்கு இன வேறுபாடின்றி இடமளிக்கப்படும் என 2024ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. எத்தகைய 'ஏ' கணக்கில் கொள்ளப்படும் என்பதை அவ்வவ்வாண்டின் விதிமுறையைப் படித்துத் தெளிதல் வேண்டும். எவ்வாறாயினும், மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லையென்று மனமுடைந்து படிப்பையே கைவிடுவது அறிவுடைமையாகாது. அவ்விடம் கிட்டாத மாணவர்க்கும் ஆறாம் படிவம் இருக்கிறது. அவ்வழியாகவும் அதே பல்கலைக்கழகங்களை அடையலாம்.

செயல்முறைக் கல்வியில் நாட்டமுள்ளோர்க்குப் போலிடெக்னிக் உண்டு. சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸிஸ் ஷா போலிடெக்னிக் ஷா ஆலத்திலேயே இருக்கிறது. டிப்ளோமா படிப்புக்கு எஸ்.பி.எம். தேர்வில் 3 பாடங்களில் கிரெடிட் என்பது பொதுவான அடிப்படைத் தகுதி. துறைக்கேற்ப அது கூடும். அதற்கும் குறைவாகப் பெற்றவர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்களும், மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். கல்வியும் இருக்கின்றன. அச்சான்றிதழில் தொடங்கிப் படிப்படியாக டிப்ளோமா வரை உயரலாம். பற்றவைப்பவர், மின்பணியாளர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் ஆகியோரைத் தாழ்வாக எண்ணும் போக்கை இல்லங்கள் கைவிடுதல் வேண்டும்.

விண்ணப்பம் செய்வதில் காலந்தாழ்த்தல் கூடாது. தேர்வு முடிவு வெளிவருமுன்பே விண்ணப்பங்கள் திறக்கப்படுவதுண்டு. முடிவு வந்தபின் பார்க்கலாம் என்று காத்திருந்து இறுதிநாளைத் தவறவிட்டோர் பலர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் சம்பளச் சீட்டு, புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தல் நலம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கும் உரியது. ஓரிரு புள்ளியில் இடம் இழப்போர் இருக்கும்போது, அந்தப் 10 விழுக்காட்டை அற்பமென எண்ணலாமா? ஆவணங்களில் பெயரெழுத்து வேறுபட்டிருப்பின், அதனை முன்கூட்டியே திருத்திக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, பணம் பற்றியது. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப்பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் கல்லூரிகள் பெருகின. அவற்றுள் சிறந்தவை பல உண்டு. எனினும் வண்ணக் கையேட்டையும் முகவரின் இனிய சொல்லையும் மட்டும் நம்பி முன்பணம் செலுத்துதல் தவறு. 2007ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற மலேசியத் தகுதி முகமையாகிய எம்.கியூ.ஏ., அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. கல்லூரி பெயர் பெற்றதா என்பதைவிட, சேரவிருக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு அப்பதிவேட்டில் உள்ளதா என்று பார்ப்பதே முறை. தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு. மருத்துவம், பொறியியல், சட்டம், தாதிமை போன்ற துறைகளில் அவ்வத்துறை மன்றத்தின் ஏற்பும் வேண்டும். அஃதில்லையேல் பட்டம் கையிலிருந்தும் தொழில் புரிய இயலாது.

1997ஆம் ஆண்டு தோன்றிய பி.டி.பி.டி.என். கல்விக் கடன் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது. எனினும் அது தானமன்று, கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தியே ஆகவேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. கல்லூரியின் முழுக் கட்டணம் எவ்வளவு, கடன் எவ்வளவு கிடைக்கும், எஞ்சிய தொகைக்கு வழி என்ன என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின் முடிவு செய்தால், பிற்காலத்தில் வருந்த நேராது.

நான்காவது, பெற்றோர்க்குரியது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும்போது, அது சிந்தோக்கிலோ கோத்தா கினபாலுவிலோ இருக்கக்கூடும். மகனை அனுப்பத் துணியும் இல்லம், மகளை அனுப்பத் தயங்குகிறது. அத்தயக்கம் அன்பினால் விளைவது. அதனைப் பழித்தல் ஆகாது. ஆயினும் தக்க தகுதி பெற்ற பெண்பிள்ளை ஒருத்தி, தொலைவு என்னும் ஒரே காரணத்தால் வீட்டில் இருந்துவிட்டால், அவளோடு அடுத்த தலைமுறையின் கல்வியும் தேங்கிவிடும் அன்றோ? பெற்றோர் ஒருமுறை நேரிற்சென்று விடுதியைப் பார்த்து, அங்குப் பயிலும் மூத்த மாணவியரோடு உரையாடினால் அச்சம் பெரும்பாலும் நீங்கும்.

ஐந்தாவது, கல்லூரியில் சேர்ந்தபின் செய்யவேண்டுவது. பள்ளியில் ஆசிரியர் பின்தொடர்ந்து வந்து கேட்பார். கல்லூரியில் விரிவுரையாளர் அவ்வாறு வருவதில்லை. மாணவரே சென்று கேட்டல் வேண்டும். புரியாத பாடத்தை மறைப்பது பணிவன்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடைபெறுவதால், இடைக்கால மாதங்களில் நாள்தோறும் ஒரு மணி நேரம் அம்மொழி நாளேடுகளை வாசித்துப் பழகுதல் பெரும் பயன் தரும். முதற் பருவத்தின் மதிப்பெண்ணும் இறுதிச் சராசரியில் சேரும். "முதலில் பழகிக்கொள்வோம், பிறகு படிப்போம்" என்று எண்ணியவர், பின்னர் எவ்வளவு உழைத்தும் அப்பள்ளத்தை நிரப்ப அல்லலுறுவர். முதல் வகுப்பில் தேறுவோர்க்குக் கல்விக் கடனிலிருந்து விலக்குப் பெறும் வாய்ப்பும் இருந்துவருகிறது என்பதை நினைவிற் கொள்வது நன்று.

இறுதியாக ஒரு வரலாறு. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிவந்தது. அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் மனமுவந்து ஈந்தனர். 1956ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவாயிற்று. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. ஒரு வெள்ளி கொடுத்த அம்மக்களுட் பலர் பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் கண்டிரார். அங்கே தம் பிள்ளைகள் படிப்பர் என்று உறுதியாகச் சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. யாரோ ஒரு தமிழ்ப்பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தனர்.

அந்த யாரோ ஒரு பிள்ளை, இன்று இவ்வாலய மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையே. தேர்வு முடிந்து கடிதம் வரும்வரை உள்ள சில மாதங்களை அப்பிள்ளை காத்துக்கொண்டால், அந்த ஒரு வெள்ளி வீண்போகாது. கோயில்களும் இதில் துணைநிற்கலாம். தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த பட்டதாரி இளைஞர் இருவரை மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அமர்த்தினால், வழியறியாத பல குடும்பங்களுக்கு அதுவே பெருந்தொண்டாகும். செலவு அதிகமில்லை, மனமிருந்தால் போதும்.

மாணவச் செல்வங்கள் அனைவரும் கல்வியிற் சிறந்து, பெற்றோர்க்கும் நாட்டிற்கும் பெருமை சேர்க்க அன்னை அருள்புரிவாளாக.