புறப்படும் நேரம் யார் கையில்?



இன்றைய முதல் வாசகத்தில் புனித யாக்கோபு வணிகர்களைப் பார்த்துப் பேசுகிறார். இன்ன ஊருக்குப் போவோம், இத்தனை நாள் தங்குவோம், இலாபத்தோடு திரும்புவோம் என்று பேசிக்கொள்கிறவர்கள் அவர்கள். நாளைய பொழுதே கையில் இல்லாதவர்கள் இப்படி உறுதியாகப் பேசலாமா என்பது அவருடைய கேள்வி. இறைவன் மனம் வைத்தால் செய்வோம் என்று சொல்லிப் பழகுங்கள் என்கிறார்.

இதைக் கேட்டு, திட்டமிடுவதே விசுவாசக் குறைவு என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. திட்டமிடாமல் செய்ய முடியாத தொழில்கள் உண்டு. நம் பங்குகளில் எத்தனையோ வீடுகளில் லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனத்துக்குள் போடும் கணக்கை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

நாசிக்கிலிருந்து சென்னைக் கோயம்பேட்டுக்கு வெங்காயம் ஏற்றி வரும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூனா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். டோல்கேட், மேடு, ஊர் நெரிசல் எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டும் 35 மணி. டிரைவர் இந்தக் கணக்கை முன்னாலிருந்து போடுவதில்லை, பின்னாலிருந்து போடுகிறார். சந்தைக்கு விடியுமுன் சேர வேண்டும். பகலில் மாநகருக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு மணி நேரம் பிந்தினால் பகல் முழுவதும் ஊருக்கு வெளியே காத்துக் கிடக்க நேரிடலாம். வழியில் வரும் இரவுகளில், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே கண் தானாகச் சொருகும். அந்நேரம் வண்டியை ஓரங்கட்ட நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் யோசித்துத்தான், “காலையில ஏழு மணிக்கு எடுத்தா சரியா இருக்கும்” என்கிறார்.

ஆனால் எடுக்கும் நேரம் அவர் கையிலா இருக்கிறது? லோடுமேன் வரவில்லை, மூட்டை இன்னும் எடை போடவில்லை, பில் போடும் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், இ-வே பில் வரவில்லை. ஏழு மணிக்கு எடுக்க வேண்டிய வண்டியைப் பகல் ஒரு மணிக்கு எடுக்கிறார்கள். சேரும் நேரம் மட்டும் மாறுவதில்லை. இரண்டு நாளில் சரக்கு வேண்டும் என்று மண்டியில் சொல்லியிருந்தால், 48 மணியில் ஓட்டத்துக்கு 35 போக மிச்சம் 13. தாமதமான ஆறு மணியைக் கழித்தால் ஏழு. அந்த ஏழு மணிக்குள்தான் இரண்டு நாள் சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்திருந்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. அந்தக் கணக்குப்படி ஒரே டிரைவர் ஓட்டினால் நம் வெங்காயம் வந்து சேர ஐந்தாம் நாள் ஆகும். இருவர் மாறி மாறி ஓட்டினால் மூன்றாம் நாள். முன்பெல்லாம் பேச்சுத் துணைக்குக் கிளீனராவது கூட வருவார். இப்போது பல வண்டிகளில் அவரும் இல்லை.

யாக்கோபு அதே திருமுகத்தில், சில வரிகள் தள்ளி, அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கூலியே கூக்குரலிடுகிறதாம். அது ஆண்டவரின் செவியை எட்டிவிட்டதாம். இடையில் அதிகார எண் மாறுவதால் இரண்டையும் நாம் தனித்தனியாக வாசித்துவிடுகிறோம். சேர்த்து வாசித்துப் பாருங்கள். நாளைய நேரம் என்னுடையது என்று பேசுகிறவருக்கு, அடுத்தவருடைய நேரமும் தன்னுடையது என்று தோன்ற எவ்வளவு நாளாகும்? வாடகையும் படியும் பைசா குறையாமல் கொடுத்தவர்கூட, லோடு ஏற்றுமிடத்தில் ஒரு மனிதனின் ஆறு மணி நேரத் தூக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். எந்த ரசீதிலும் அது ஏறாது.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துக்கொள்வோம். பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் சோர்ந்து படுத்திருந்தார். அவருக்கு முன்னால் நாற்பது நாள் பயணம் இருந்தது. வந்த வானதூதர், நேரமாகிவிட்டது கிளம்பு என்று விரட்டவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை! இரண்டாம் முறை எழுப்பியபோதுதான், வழி நெடுந்தூரம், சாப்பிடு என்றார். பயணம் நீண்டது என்பதாலேயே முதலில் தூக்கமும் சாப்பாடும் கிடைத்தன.

நம்மில் மண்டி வைத்திருப்போர், புக்கிங் ஆபீஸ் நடத்துவோர், வண்டி உரிமையாளர்கள் இருக்கிறீர்கள். லோடு ஏற்றத் தாமதமானால், சேரும் நேரத்தையும் அதே அளவு தள்ளி வையுங்கள். அதை டிரைவர் கேட்டு வாங்கும்படி விடாமல், நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். வழியில் இருப்பவருக்குப் போன் செய்யும்போது, எங்கே வருகிறீர்கள் என்று கேட்குமுன், தூங்கினீர்களா என்று கேளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் போனையே செய்ய வேண்டாம்.